பெங்களூர் – சான் பிரான்சிஸ்கோ: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மாமனார் கே.ஜி.எஃப்.பில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அல்சூரில் இருக்கிறார். 2023 ஜனவரியில் நேரடி விமானத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்வந்தார். அந்தப் பழைய டிக்கெட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். மறுபடி போகலாம் என்று பேச்சு வந்ததும் அதை எடுத்து வைத்துக்கொண்டு மருமகனைக் குடைகிறார். தூரம் ஒரு இடத்தில் 14,000 என்றும், ஒரு இடத்தில் 8,700 என்றும், இன்னொன்றில் 7,550 என்றும் போட்டிருக்கிறதே, எது சரி? விமானம் மணிக்கு 900 கி.மீ. என்றால் பதினைந்தரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? டிக்கெட்டில் பகல் 2.30-க்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 5 மணிக்கு இறங்குவதாக இருக்கிறதே, இரண்டரை மணி நேரத்திலா போனோம்? திரும்பும்போது இரவு 9 மணிக்கு ஏறி, மறுநாளுக்கு மறுநாள் அதிகாலை 4.30-க்கு இறங்கினோமே, அது எப்படி?

வாத்தியார் சார் கேட்டது எல்லாமே நியாயமான கேள்விகள். நான் வருடக்கணக்காக ஃபிளைட் டிஸ்பேட்ச் வேலை பார்த்தவன். விமானம் எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் ஏற்ற வேண்டும், எவ்வளவு சுமை தாங்கும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, பைலட்டிடம் தாளை நீட்டுகிற வேலை. முருகேஷ்பாளையாவில் குடியிருந்தேன், எச்.ஏ.எல். விமான நிலையம் நடந்து போகிற தூரம். 2008 மே மாதம் விமான நிலையம் ஊருக்கு வெளியே தேவனஹள்ளிக்குப் போன பிறகுதான் நானும் பெங்களூர்வாசிகளைப் போல மணிக்கணக்காகப் பஸ்ஸில் உட்காரக் கற்றுக்கொண்டேன்.

மூன்று எண்ணும் சரிதான். 14,000 என்பது கிலோமீட்டர், 8,700 என்பது சாலை மைல், 7,550 என்பது கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கி.மீ.; சாலை மைல் 1.609 கி.மீ. விமானத்துறையில் புழங்குவது கடல் மைல்தான். 'மைல்' என்று மட்டும் எழுதி, எந்த மைல் என்று சொல்லாமல் விடுகிறவர்களால்தான் இவ்வளவு குழப்பமும்.

சாருக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் இதைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெங்களூர் விமான நிலையம் வடக்கே 13.2 பாகை, கிழக்கே 77.7. சான் பிரான்சிஸ்கோ வடக்கே 37.6, மேற்கே 122.4. தீர்க்கரேகை வித்தியாசம் 200 பாகை வருகிறது. அது சுற்றுவழி, மறுபக்கமாகப் போனால் 160 தான். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள். கோசைன்களைப் பெருக்கி, அதை 160-இன் கோசைனால் பெருக்கி, முன்னதோடு கூட்டுங்கள். மைனஸ் 0.585 வரும். எந்தக் கோணத்துக்கு அந்தக் கோசைன் என்று பார்த்தால் கிட்டத்தட்ட 126 பாகை. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. சொச்சம், பாகைக்கு 111.2. பெருக்கினால் 13,990 பக்கம் வந்து நிற்கும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் பத்திருபது கி.மீ. முன்னே பின்னே ஆகும். விமானம் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி இன்னும் 24 கி.மீ. கூடும். அதெல்லாம் இவ்வளவு நீளப் பயணத்தில் ஒரு பொருட்டே இல்லை.

126 பாகை என்பது எவ்வளவு என்றால், பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சமே 180 பாகைதான். பெங்களூருக்கு நேர் கீழே துளை போட்டால் பெருவுக்கு மேற்கே, நடுப் பசிபிக்கில் வெளியே வரும். அதைவிடத் தள்ளி யாரும் போக முடியாது. அதில் பத்துக்கு ஏழு பங்கு தூரத்தை சார் ஒரே இருக்கையில் உட்கார்ந்து கடந்திருக்கிறார்.

இப்போது அந்த 14,000 எந்த வழியில் போகிறது என்று பார்ப்போம். சுவரில் மாட்டுகிற உலகப் படத்தைப் பார்த்தால் பெங்களூரிலிருந்து கிழக்கே ஒரு கோடு, ஜப்பானைத் தாண்டி, பசிபிக்கைத் தாண்டி என்றுதான் கை போகும். ஆனால் தட்டையான படம் பொய் சொல்லும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க அவென்யூ ரோட்டில் வாங்கிய ஒரு பழைய குளோப்பை மேஜையில் வைத்திருந்தேன். பூ கட்டுகிற நூலில் ஒரு முழம். ஒரு முனையைப் பெங்களூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் தானாக வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். கிழக்கே போகவே போகாது. வடக்கே, சற்று வலப்பக்கம் சாய்ந்து போய், நேபாளத்தில் லும்பினி பக்கம் நுழையும். அப்புறம் திபெத், சின்ஜியாங், மங்கோலியாவின் மேற்குப் பகுதி, சைபீரியா. ரஷ்யாவின் வடக்குக் கரையைத் தொட்டு, ஆர்க்டிக் கடலில் 71 பாகை வரை ஏறிவிட்டு இறங்க ஆரம்பிக்கும். அலாஸ்காவைக் குறுக்கே வெட்டி, கனடாவின் கரையோரமாகக் கடல்மேல் இறங்கி சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும். பார்க்கிற பிள்ளைகள் நூலை எடுத்துவிட்டு மறுபடி தாங்களே இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அந்த நூல் வழியில் விமானம் போவதில்லை. முதல் தடை திபெத். பறக்கிற உயரத்துக்கும் மலை உயரத்துக்கும் சம்பந்தமில்லை, மலையைத் தாராளமாகத் தாண்டலாம். சிக்கல் வேறு. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் தலைக்கு மேலே மஞ்சள் முகமூடி விழும் அல்லவா, அதில் வருகிற ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரைதான் தாங்கும். அதற்குள் பைலட் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே சாதாரணமாக மூச்சு விடலாம். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது 14,700 அடிக்கும் மேல். அங்கே 10,000 அடிக்கு இறங்குவது என்றால் தரைக்குள்தான் இறங்க வேண்டும். அந்தப் பீடபூமி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலம், சீக்கிரம் தாண்டவும் முடியாது. அதனால் கிழக்கே மியான்மர், சீனா பக்கமாகவோ, மேற்கே மத்திய ஆசியா பக்கமாகவோ ஒதுங்கித்தான் போக வேண்டும்.

இரண்டாவது தடை அரசியல். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிவிட்டது. அதற்கு முன் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் பெங்களூருக்கு நேரடி விமானம் அறிவித்திருந்தன, ஒன்று சியாட்டிலிலிருந்து, ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து. இரண்டும் பறக்கவே இல்லை. இந்திய விமானங்களுக்கு ரஷ்யா திறந்தே இருந்தது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது நினைவிருக்கலாம். 216 பயணிகள், 16 ஊழியர்கள். ஊர் பெயரைக் கேட்டதும் எல்லோரும் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நூல் இழுத்துப் பார்த்தவன் கேட்க மாட்டான். அடுத்து 2025 ஏப்ரல் 24-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடல் வழியாகச் சுற்றிப் போக வேண்டி வந்தது. சில அமெரிக்க விமானங்கள் ஐரோப்பாவில் எண்ணெய் போட இறங்கிப் போயின. பெங்களூரிலிருந்து கிழக்கே போகிறவனுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. தெற்கே இருப்பதில் அப்படியும் ஒரு லாபம்.

சரி, கிழக்கே சுற்றிப்போனால் எவ்வளவு கூடும்? டோக்கியோ தலைக்கு மேலே போவதாக வைத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து டோக்கியோ 6,700, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 8,200. மொத்தம் 14,900. நூலைவிட 900 கி.மீ.தான் அதிகம். இவ்வளவு பெரிய கோணல் மாதிரி தெரிகிற வழி, வெறும் ஒரு மணி நேரக் கூடுதலில் முடிந்துவிடுகிறது. தூரமான ஊர்களுக்கு நடுவே இது ஒரு வசதி: நூலிலிருந்து நிறைய விலகினாலும் நீளம் கொஞ்சமாகத்தான் கூடும்.

இதே 14,900-ஐ எதற்குச் சொல்கிறேன் என்றால், சாரின் அசல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டைக் கணக்குப் போட்டால் (பின்னால் போட்டுக் காட்டுகிறேன்) போகும்போது 16 மணி, வரும்போது 18 மணி. வழி ஒன்றேயானாலும் இரண்டு மணி நேரம் எங்கே போனது?

காற்று. பள்ளிக்கூடத்தில் சார் எத்தனை வருடம் ஆற்றோட்டக் கணக்கு நடத்தியிருப்பார்! நீரோட்டத்தோடு படகு, நீரோட்டத்தை எதிர்த்துப் படகு. அதே கணக்குதான். வானத்தில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது உலகத்தில் எங்கே கடுமையாக ஓடுகிறது என்றால் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே, அங்கிருந்து பசிபிக்குக்குள். மணிக்கு 200, 300 கி.மீ. என்பது அங்கே அதிசயமில்லை. 1920-களில் வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று கட்டுரையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அதனாலேயே உலகத்தில் யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறியபோதுதான் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு உறைத்தது.

கணக்குப் போடுவோம். காற்றில்லாமல் விமானத்தின் வேகம் 900. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. 16 மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது. ஜப்பான் பக்கம் பலமாகவும் வங்காள விரிகுடாவில் சும்மாவும் இருக்கும். சராசரி 70 என்று வையுங்கள். 970-ஆல் 14,900-ஐ வகுத்தால் 15.4 மணி. வரும்போது எதிர்க்காற்று சராசரி 60 என்றால் 840-ஆல் வகுக்க வேண்டும்: 17.7 மணி. இரண்டிலும் தரையில் ஊர்கிற நேரத்தைச் சேர்த்தால் 16-ம் 18-ம் வந்துவிட்டது. டிக்கெட்டில் இருக்கிறதும் அதுதான்.

டிஸ்பேட்ச் மேஜையில் தூரத்துக்கு இரண்டு பத்தி இருக்கும். ஒன்று தரைத் தூரம். இன்னொன்றை நாங்கள் 'ஏர் டிஸ்டன்ஸ்' என்போம், காற்றுத் தூரம் என்று சொல்லலாம். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எவ்வளவு தூரம் துளைத்துக்கொண்டு போகிறதோ அது. போகும்போது 15.4 மணி நேரம் 900-இல் பறந்தால் 13,800 சொச்சம். வரும்போது 17.7 மணி, 15,950. தரையில் இரண்டுக்கும் 14,900 தான். எண்ணெய்க்குத் தரைத் தூரம் தெரியாது, காற்றுத் தூரம் மட்டுமே தெரியும். போகும்போது உள்ள காற்றுத் தூரம் அந்த நூலின் நீளமான 13,990-ஐ விடவும் குறைவாக இருப்பதைக் கவனித்தீர்களா? நேர்வழியை விட்டுக் கோணல் வழியில் போனவன், நேர்வழிக்காரனைவிடக் குறைவாகச் செலவழித்திருக்கிறான். இந்த வேலையில் எனக்குக் கடைசிவரை அலுக்காத விஷயம் இதுதான். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று என்னை யாராவது கேட்டால், எந்தத் தேதிக்கு, எந்தப் பக்கமாக என்று திருப்பிக் கேட்கத்தான் வாய் வரும்.

பிளான் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே 'பி 045' என்றோ 'எம் 038' என்றோ அச்சாகியிருக்கும். பி என்றால் ப்ளஸ், காற்று நமக்குச் சாதகம். எம் என்றால் மைனஸ். எண், காற்றின் வேகம் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது. தாளை வாங்கியதும் அனுபவமுள்ள கேப்டன்கள் முதலில் தேடுவது இந்த எழுத்தைத்தான். ஒரு பிப்ரவரி, காதலர் தினத்துக்கு முந்தின வாரம். லண்டன் விமானம். சாயங்காலம் போட்ட பிளானில் சராசரி எம் 030 இருந்தது. இரவு புது வானிலை வந்ததும் மறுபடி ஓட்டினேன், எம் 048. பார்த்தால் பதினெட்டு தானே என்று தோன்றும். ஏறத்தாழ எட்டாயிரம் கி.மீ. வழியில் அது இருபது நிமிடத்துக்கு மேல், இரண்டு டன்னுக்கு மேல் எண்ணெய். விமானம் ஏற்கெனவே எடை உச்சத்தில். ஆட்களை இறக்க முடியாது. கார்கோ பிரிவுக்குப் போன் போட்டேன். கீழே தட்டு வண்டியில் ரோஜாப்பூ அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக, பெட்டி ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டு நின்றன. பாதியை இறக்கச் சொன்னதும் அந்தப் பக்கம் இருந்தவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "காத்து ஜாஸ்தின்னு பூவை இறக்குறியே, நீ மனுஷனா?" அவர் தொட்டபள்ளாபுரத்துக்காரர், அவருடைய சொந்தக்காரர் தோட்டத்துப் பூவும் அதில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

காற்று ஆற்றிலிருந்து தப்ப இன்னொரு வழி, அதற்கு வடக்கே ஒதுங்கிவிடுவது. 2021 ஜனவரி 9-ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் கிளம்பியபோது அப்படித்தான் செய்தார்கள். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் எல்லோரும் பெண்கள். பசிபிக் எதிர்க்காற்றில் போய் முட்டாமல் வடதுருவத்துக்கு மேலே ஏறி இறங்கினார்கள். தரைத் தூரம் கிட்டத்தட்ட 16,000 கி.மீ., நூலைவிட 2,000 அதிகம். ஆனால் 17 மணி நேரச் சொச்சத்தில் 11-ஆம் தேதி அதிகாலை தேவனஹள்ளியில் சக்கரம் தொட்டுவிட்டது.

துருவ வழிக்குத் தனித் தலைவலிகளும் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது எண்ணெய் உறைகிற சமாசாரம். பெங்களூரில் ஊற்றுவது ஜெட் ஏ-1, மைனஸ் 47 வரை உறையாது. அமெரிக்காவில் பொதுவாகக் கிடைப்பது ஜெட் ஏ, அதன் எல்லை மைனஸ் 40 தான். ஆக, அதே விமானம், அதே வழி, இங்கிருந்து போகும்போது இருக்கிற தைரியம் அங்கிருந்து வரும்போது இருக்காது. இறக்கைக்குள் எண்ணெயின் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பைலட்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரொம்ப இறங்கினால் கொஞ்சம் கீழே இறங்கிப் பறப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். காற்றை உரசுகிற சூட்டில் இறக்கை சில பாகை ஏறும்.

இனி கடிகாரம். இது சுலபம், ஆனால் மனது ஏற்காது. எங்கள் மேஜைக்கு மேலே ஒரே ஒரு கடிகாரம்தான் மதிப்புள்ளது, யூ.டி.சி. காட்டுவது, பழைய பெயரில் கிரீன்விச் நேரம். சாரின் டிக்கெட்டை அதற்கு மாற்றுவோம். பகல் 2.30-இல் ஐந்தரையைக் கழித்தால் காலை 9 மணி. சான் பிரான்சிஸ்கோ மாலை 5-ஓடு எட்டைக் கூட்டினால் நள்ளிரவு தாண்டி 1 மணி. ஒன்பதிலிருந்து ஒன்று, 16 மணி நேரம். திரும்பும்போது இரவு 9 மணி என்பது யூ.டி.சி.யில் மறுநாள் காலை 5. பெங்களூர் அதிகாலை 4.30 என்பது அதே நாள் இரவு 11. பதினெட்டு மணி நேரம், ஒரே தேதி. நம் டிக்கெட்டில் தேதி இரண்டு தாண்டிக் குதிக்கிற பயணம், அந்தக் கடிகாரத்தில் ஒரு நாளுக்குள் முடிந்துபோகிறது.

போகிற பயணத்தில் சார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால், ஒரே தேதியில் இரண்டு அஸ்தமனம் பார்த்திருப்பார். பெங்களூரில் கிளம்பிச் சில மணி நேரத்தில் ஒன்று. நாம் சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் இரவு சட்டென்று முடிந்து பசிபிக் மேல் விடியும். இறங்கும் நேரத்துக்கு மறுபடி இருட்டும். ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்தேகாலுக்கே சூரியன் போய்விடும். உடம்புக்கு இது புரியாது. மகன் வீட்டில் முதல் நான்கு நாள் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காபி போட்டிருப்பாரே, அது இதனால்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் பதின்மூன்றரை மணி (அந்த ஐந்தரையும் எட்டும்) இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள், அப்போது பன்னிரண்டரைதான். அந்த மார்ச் வாரத்தில் பேரனை வீடியோவில் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் போய்விட்டான் என்று தெரிந்து வருத்தப்படுகிற தாத்தா பாட்டிகள் அல்சூரில் வீதிக்கு நாலு பேர் இருப்பார்கள்.

டிக்கெட்டில் போடுகிற நேரம் பறக்கிற நேரமும் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கட்டையை எடுப்பதிலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கிறவரை. பிளாக் டைம் என்பார்கள். அதில் தரையில் ஊர்கிற நேரம், ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கிற நேரம் எல்லாம் அடக்கம். நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடும். "அரை மணி முன்னாடியே வந்துட்டோம்" என்று பைலட் பெருமையாக அறிவிப்பதில் பாதி இப்படித்தான்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வழியில் பறந்த போயிங் 777-200எல்ஆர் விமானத்தின் டேங்குகளில் 1,81,000 லிட்டர் கொள்ளும். எடையில் 145 டன். புறப்படும்போது விமானத்தின் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெயாக இருக்கும். அந்த எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகவே எண்ணெய் வேண்டும். இவ்வளவு நீளப் பயணத்தில் கூடுதலாக ஒரு டன் ஏற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சுமக்கவே செலவாகிவிடும். தண்ணீர் லாரி வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு வருகிற மாதிரி. அதோடு தேவனஹள்ளி கடல் மட்டத்துக்கு மேலே 915 மீட்டர். காற்று மெலிவு, பகல் வெயிலில் இன்னும் மெலிவு. எழும்ப நீளமாக ஓட வேண்டும். 4,000 மீட்டர் ஓடுபாதை இருப்பதால் பிழைத்தோம். இந்த எல்லாக் கணக்கும் சேர்ந்துதான் நேரடி சேவை வருவதும் போவதுமாக இருக்கிறது. எண்ணெய் விலையும் காற்றும் ஒத்துக்கொள்ளாத காலத்தில், 14,000 கி.மீ. நேரடி என்பது நிறுவனத்துக்குப் பெருமைதானே தவிர லாபமில்லை.

அதனால் இந்த முறை சார் வழியில் ஒரு ஊரில் இறங்கி மாறிப் போகிற டிக்கெட்டையும் பார்க்கட்டும். அதில் தூரம் எவ்வளவு வீணாகிறது என்று பயப்பட வேண்டாம். துபாய் வழி என்றால் 2,700-ம் 13,000-ம் சேர்ந்து 15,700. பிராங்பர்ட் வழி 7,400-ம் 9,150-ம், 16,550. சிங்கப்பூர் வழி 3,180-ம் 13,600-ம், 16,780. நூலைவிட அதிகபட்சம் 2,800 கி.மீ., அதாவது மூன்று மணி நேரம். டிக்கெட்டில் 22, 26, 31 என்று விதவிதமாக வருவது தூரத்தால் இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கிற நேரத்தால். மூன்று மணி நேர இடைவெளி இருப்பதைப் பாருங்கள். ஒன்றரை மணி என்றால் வயதானவர்கள் ஓட வேண்டியிருக்கும், எட்டு மணி என்றால் முதுகு போய்விடும். எனக்கு விருப்பம் கேட்டால் பிராங்பர்ட்தான். பயணம் ஏறக்குறையப் பாதி பாதியாகப் பிரிகிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு நடுவில் எழுந்து நடக்க ஒரு ஊர் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் பதினைந்து மணி நேரத் துண்டு ஒன்று எப்படியும் மிச்சமிருக்கும். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். பசிபிக்கைத் தாண்ட நேரம் சொல்லிவிடுவேன், ஹெப்பால் மேம்பாலத்தைத் தாண்ட என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் சார் கணக்கு வாத்தியார் என்பதால் துபாய் பக்கமே சாய்வார் என்று நினைக்கிறேன். துபாய் கிழக்கே 55.4 பாகை, சான் பிரான்சிஸ்கோ மேற்கே 122.4, இரண்டையும் கூட்டினால் 177.8. கிட்டத்தட்ட நேரெதிர் தீர்க்கரேகைகள். பேத்தியின் குளோப் வீட்டில் இருந்தால் நூலைத் துபாயிலிருந்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வடதுருவத்துக்கு 200 கி.மீ. பக்கத்தில், அந்தக் குளோப்பின் உச்சியில் இருக்கிற திருகாணியை உரசிக்கொண்டு போகும்.